பிடித்துத் தைத்த கவுன்கள்

“எதுவும் திருடு போகல மேடம். அதான் போலீஸ்ல போய் என்னன்னு சொல்றதுன்னே தெரியல” என்று துப்பறியும் அம்மாளிடம் சொல்லிக்கொண்டே தையல்காரி ஐந்து கவுன்களை மேசைமேல் பரப்பினாள்.

எழுபது வருஷத்துக்கு முந்தைய மோஸ்தரில், இடுப்பு இறுகி, கீழே குடையாய் விரியும் கவுன்கள். எல்லாம் அவள் வீட்டிலேயே தைத்தவை. மாதத்துக்கு ஒன்று தைத்து, அடுத்த தெருவிலிருக்கும் தங்கையை வரவழைத்து, போடச்சொல்லிப் படமெடுத்து ஜன்னலில் மாட்டுவாள். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும்.

நேற்று இஸ்திரி போடும்போதுதான் கண்ணில் பட்டது. சில கவுன்களின் உள்பக்கத்தில் அவளுடைய மிஷின் தையலை ஒட்டி இன்னொரு கைத்தையல். யாரோ அளவு குறையும்படி இடுப்பைப் பிடித்துத் தைத்திருந்தார்கள்.

“வீட்டுச் சாவி ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. ஒண்ணு என் தங்கச்சி. இன்னொண்ணு, காஜா எடுத்து பட்டன் கட்ட வர்ற பட்டனம்மா. அந்தம்மாகிட்ட நேத்தே சாவியை வாங்கிட்டேன்.”

“அவளேதான்! தனியா கடை போடப் போறா, உங்க பேரைக் கெடுக்கிறா” என்று துள்ளினார் துப்பறியும் அம்மாளின் கணவர். ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி காவல்துறையிலிருந்து ஓய்வுபெற்ற நாள்முதல் உதவியாளர் உத்தியோகத்தைத் தானாகவே எடுத்துக்கொண்டவர்.

“நீங்க கொஞ்சம் மூச்சு விடுங்க” என்ற அந்த அம்மாள், கவுன்களை உள்வெளியாகத் திருப்பி ஒவ்வொன்றாக அளந்தார். “அஞ்சும் ஒரே அளவுல வெட்டினதுதானே? வெள்ளையில யாரும் கை வைக்கல. மஞ்சள்ல அரை இஞ்ச். நீலத்துல ஒண்ணு. கோடு போட்டதுல ஒண்ணரை. பச்சையில ரெண்டு. உபரித் துணியை வெட்டவும் இல்ல. கெடுக்க வந்தவங்களுக்கு இவ்வளவு பொறுமை ஏது? சரி, இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“மூச்சு விடல. பட்டனம்மாகிட்டகூட சாவியைக் கொடுன்னு மட்டும்தான் கேட்டேன்.”

“நாளைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க. அந்தப் படங்களையும் எடுத்து வைங்க.”

மறுநாள் மதியம் தையல்காரியின் முன்னறையில் பட்டனம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய ஸ்வெட்டருக்குள் புதைந்தபடி வந்த தங்கை, வாசலின் மூன்று படி ஏறியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யாரோ கவுனைப் பிடிச்சுத் தச்சிருக்காங்க” என்றார் துப்பறியும் அம்மாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

தங்கை சிரித்தாள். “பச்சையில ரெண்டு இஞ்ச் குறைஞ்சா குடியா முழுகிடும்? இதுக்குப் போய் பட்டனம்மாவை உட்கார வச்சிருக்கியேக்கா, பாவம்!”

“நான் பச்சைன்னும் சொல்லல, ரெண்டு இஞ்ச்னும் சொல்லலயேம்மா.”

தங்கையின் சிரிப்பு அப்படியே நின்றது.

துப்பறியும் அம்மாள் படங்களைத் திருப்பி, பின்னாலிருந்த தேதிப்படி வரிசையாக வைத்தார். அவர் குரலில் வழக்கு முடிந்த சந்தோஷம் இல்லை. “முதல்ல எடுத்தது வெள்ளை. அடுத்து மஞ்சள், நீலம், கோடு, கடைசியா பச்சை. மாசத்துக்கு அரை இஞ்ச். வேண்டாதவங்க யாரும் காலண்டர் பார்த்து இடுப்பைப் பிடிக்க மாட்டாங்க. கவுன் தொளதொளன்னு நின்னா அக்கா உடனே டேப்பை எடுப்பாங்க. அதை எடுக்கவிடக் கூடாதுன்னு நினைச்சவங்க, அக்கா துணி வாங்கப் போற நேரமா பார்த்து முன்கூட்டியே வந்து தச்சிருக்காங்க. டாக்டர் என்னம்மா சொன்னார்?”

“மருந்துக்குக் கேட்கலயாம்” என்றாள் தங்கை. “வேற மருந்தும் இல்லயாம்.”

தையல்காரி பச்சைக் கவுனின் படத்தைக் கையில் எடுத்தாள். ஒவ்வொரு மாதமும் கவுன் கச்சிதமாக உட்கார்ந்தது. அதனால் தங்கையும் அப்படியே இருக்கிறாள் என்று இருந்துவிட்டாள். கண்ணை நம்பாமல் கவுனை நம்பியிருந்தாள்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ என்னக்கா பண்ணுவ?”

தபால்காரர் குறிப்பு நோட்டை மெல்ல மூடிப் பைக்குள் வைத்தார். “இதுல பிடிச்சுக் கொடுக்க ஆளே இல்லம்மா” என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுத் துப்பறியும் அம்மாள் எழுந்தார். இருவரும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

“இந்த மாசத்துக் கவுன் எங்க?” என்றாள் தங்கை. மிஷின்மேல் இருந்ததை எடுத்து, உள்ளறைக்குப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். பழைய அளவில் தைத்த கவுன். ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது.

தையல்காரி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் ஏறவில்லை. எச்சில் தொட்டு முறுக்கிப் பார்த்தாள், அப்போதும் ஏறவில்லை. அதுவரை போகாமல் நின்றிருந்த பட்டனம்மா, அவள் கையிலிருந்து ஊசியை வாங்கி, ஒரே தடவையில் கோத்து, முடிச்சுப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“எவ்வளவு பிடிக்கட்டும்?” என்று தங்கையின் முன்னால் மண்டியிட்டுக் கேட்டாள் தையல்காரி.

“கொஞ்சம் கூடவே பிடிக்கா” என்றாள் தங்கை. “அடுத்த மாசத்துக்கும் ஆகட்டும்.”