கழுதையைத் தேடிய காலை

காலை 8.10.

கழுதையைக் காணோம்.

நாலு கால் கழுதை இல்லை. தல் ஸுமாக் நகரக் காவல்துறையின் அதிரடிப் படை, பூட்டிய கதவை இடித்துத் திறக்க வைத்திருந்த பதினாறு கிலோ இரும்பு உருளைக்குப் படையினர் இட்ட பெயர் அது. உதைத்தால் ஒரே உதை, கதவு பெயர்ந்துவிடும். அன்று காலை அதைத் துடைத்து வைக்கலாம் என்று பையைத் திறந்த ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர் ஹிக்மத், "யா அல்லாஹ்!" என்று இரண்டடி பின்னால் போனார். பைக்குள் ஒரு கருங்கல் உட்கார்ந்திருந்தது.

பதினொரு மணிக்குத் தலைநகர் அம்மானிலிருந்து கர்னல் வருகிறார். அவர் பத்து எண்ணுவதற்குள் பயிற்சி வீட்டின் கதவு திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் படையே கலைந்தது. போன குளிர்காலத்தில் ஒரு மருந்துக்கடைக்காரரை ஒருவன் கத்திமுனையில் பிடித்து வைத்தபோது, அம்மானிலிருந்து ஆட்கள் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. அவர் பிழைத்தது அவர் செய்த புண்ணியம். அதற்கப்புறம்தான் கேப்டன் நவ்ஃபான், காலில் விழாத குறையாக மேலிடத்தைக் கெஞ்சி, எட்டுப் பேரைத் திரட்டி இந்தப் படையை அமைத்தார்.

காலை 8.30.

முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த திருட்டுத் தடுப்புப் பிரிவிலிருந்து லெப்டினன்ட் ருதைனா வந்தாள். ஆடு திருட்டு, கார் கண்ணாடித் திருட்டு என்று சலித்துப்போயிருந்தவள் முகத்தில் தீபாவளி.

"போலீஸ் ஸ்டேஷன்லயே திருட்டா? கேக்கவே குளிருது சார்."

"சிரிக்காதீங்க மேடம், பதினொரு மணிக்குள்ள அது கிடைச்சாகணும்" என்றார் கேப்டன்.

ருதைனா ஹிக்மத் பக்கம் திரும்பினாள். "கிடங்கை எப்பப் பூட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு. சாவி என் கழுத்துல. தூங்கும்போதும் கழட்டல."

"பூட்டுறதுக்கு முன்னாடி பையைத் திறந்து பாத்தீங்களா?"

"தூக்கிப் பாத்தேன். கனம் சரியா இருந்துச்சு. எப்பவும் அப்படித்தான்."

"அதுக்கு முன்னாடி பை எங்க இருந்துச்சு?"

"பயிற்சி முடிஞ்சு நாலு மணிக்குத் தூசி தட்ட எல்லாச் சாமானையும் சமையற்கட்டுச் சுவரோரமா வெச்சோம். ஒரு மணி நேரம் அங்கதான் கிடந்துச்சு."

ருதைனா சுவரில் இருந்த பணிப் பலகையைப் பார்த்தாள். கேடயம், ஏணி, கடப்பாரை, முதலுதவி என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே இரண்டு பெயர். முதல் ஆளுக்கு முடியாவிட்டால் இரண்டாம் ஆள். கழுதைக்கு எதிரே மட்டும் ஒரே பெயர், ஷிப்லி.

"இதுக்கு ஏன் ஒரு ஆளு?"

கேப்டன் பெருமையாகச் சிரித்தார். "ஷிப்லிக்கு மாத்து ஆளு எதுக்கு மேடம்? அவனே ஒரு கதவு."

அவர் சொன்னதில் தப்பில்லை. நூற்றுப்பத்து கிலோ பாலைவனத்து ஆள் ஷிப்லி வாசலை அடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தான். பின்னாலேயே கடப்பாரைக்காரன் தலாலும் வந்தான், ஒல்லிக்குச்சி. கேப்டன் தம் கையாலேயே ஏலக்காய்க் காப்பி ஊற்றி எல்லோருக்கும் நீட்டினார். ஷிப்லி இடது கையால் வாங்கினான்.

கேப்டன் புருவத்தை உயர்த்தினார். "என்னடா ஷிப்லி, உங்க கூடாரத்துல விருந்தாளி இப்படித்தான் காப்பி வாங்குவாரா?"

"மன்னிச்சுக்குங்க சார். வலது கை பூரா துப்பாக்கி எண்ணெய்."

அந்தக் கையை அவன் தன் மணல்நிறச் சீருடையின் இடுப்புப் பட்டைக்குள் செருகி வைத்திருந்தான். ருதைனா பட்டையை ஒரு பார்வை பார்த்தாள். சலவைக்காரர் கொடுத்தபடியே பளிச்சென்று இருந்தது.

பிறகு கல்லிடம் போனாள். ஒரு பக்கம் தட்டை. அடியில் வெள்ளைப் பூச்சு, ஓரமெல்லாம் ஊதாக் கறை. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ஐயே!" என்றான் தலால்.

"உப்பு" என்று சொல்லிவிட்டு ருதைனா சமையற்கட்டுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் ஓடினார்கள்.

காலை 9.05.

சமையல்காரி உம்மு தாஃபிர் அக்ரூட் உடைத்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் மாதம், மக்தூஸ் என்கிற கத்தரிக்காய் ஊறுகாய் போடுகிற காலம். அவித்த கத்தரிப் பிஞ்சில் உப்பைத் திணித்து, பலகை வைத்து மூடி, மேலே பாரம் ஏற்றி இரண்டு நாள் நீர் வடியவிட வேண்டும். அப்புறம்தான் அக்ரூட்டும் மிளகாயும் அடைத்து எண்ணெயில் ஊறப்போடலாம். முற்றத்து நிழலில் பெரிய கூடை, மேலே வெள்ளைத் துணி.

"கத்தரிக்கா எப்ப வெச்சீங்க உம்மு தாஃபிர்?"

"நேத்து மத்தியானம்."

"நீர் நல்லா வடியுதா?"

"காலையில கூட ரெண்டு தட்டு எடுத்து ஊத்தினேன், கண்ணு."

"துணியை எடுத்துப் பாத்தீங்களா?"

"எதுக்குப் பாக்கணும்? ஈ உள்ள போகும். கல்லு மேலதான இருக்கு, ஓடியா போகும்?"

"ஓடிப்போச்சு. உங்க கல்லு இப்பக் கிடங்குல இருக்கு."

"அட போம்மா! கல்லு இல்லாம எப்படி வடியும்?"

"அதேதான் நானும் கேக்குறேன்" என்று ருதைனா துணியை உருவினாள்.

பலகைமேல் கழுதை சாவகாசமாகப் படுத்திருந்தது.

தலால் கைதட்டினான். ஹிக்மத் தலையில் கைவைத்துக்கொண்டார். உம்மு தாஃபிர், "எம் பொருள்மேல யாருடா இரும்பை வெச்சது!" என்று அகப்பையைத் தூக்கினாள்.

"பூட்டை யாரும் தொடல" என்றாள் ருதைனா. "பூட்டுறதுக்கு முன்னாடியே பைக்குள்ள கல்லு போயிடுச்சு. கல்லை எடுத்தவன் பதிலுக்குப் பாரம் வைக்கலன்னா உம்மு தாஃபிர் உடனே கண்டுபிடிச்சிருப்பாங்க. இருபது அடிக்கு மேல தூக்கிட்டும் போகல. ஏன்னா அவனால ஒரு கையாலதான் தூக்க முடிஞ்சது. எண்ணெய்க் கையைச் செருகியும் பட்டையில கறை படல. காப்பியை இடது கையில வாங்குறது தன் குலத்துக்கே தலைகுனிவுன்னு தெரிஞ்ச ஆளு, வேற வழியில்லாமத்தான் வாங்கியிருக்கான். தோள்ல என்ன ஆச்சு, ஷிப்லி?"

ஷிப்லியின் பெரிய முகம் சுருங்கிப்போனது.

"மூணு நாளா வலது தோள்ல வலி மேடம். நேத்துப் பயிற்சிக்கப்புறம் கையையே தூக்க முடியல. டாக்டர்கிட்ட போனா லிஸ்ட்ல பேரை அடிச்சிடுவாரு. எங்க ஜனங்க கிட்டெல்லாம் கதவுக்கு நான்தான்னு சொல்லி வெச்சிருக்கேன். கழுதை இல்லன்னா கடப்பாரையால திறப்பாங்க, அது தலால் வேலை, எம் பேரு தப்பிச்சிடும்னு நெனச்சேன்."

"கடப்பாரைக்கு ஒரு நிமிஷம் ஆகும்டா மடையா! படையே போயிருக்கும்!" என்று கத்தினார் கேப்டன்.

"சார், கோபம் அப்புறம்" என்றாள் ருதைனா. "குற்றவாளி ரெண்டு பேரு. மத்த வேலைக்கெல்லாம் ரெண்டு ரெண்டு பேரு எழுதிட்டு, இதுக்கு மட்டும் ஒருத்தன் பேரை எழுதினது யாரு? மாத்து ஆளு இருந்திருந்தா இவன் வலிக்குதுன்னு வாயைத் திறந்திருப்பான்."

கேப்டன் பணிப் பலகை இருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஷிப்லி மெல்ல, "சார், தலால் இடிக்கட்டும். நான் சொல்லித் தரேன்" என்றான்.

ஒன்றரை மணி நேரம் ஒல்லிக்குச்சியின் முதுகில் ஷிப்லியின் இடது கை இருந்தது. "கையால தள்ளாதடா, இடுப்பால வீசு. பூட்டுக்குப் பக்கத்துல, பூட்டு மேல இல்ல!"

காலை 11.20.

பரீட்சையைப் பார்க்க ஷிப்லிக்குக் கொடுத்துவைக்கவில்லை. "என் கல்லு துப்பாக்கி எண்ணெய் நாத்தம் அடிக்குது. கழுவிக் காயவெச்சிருக்கேன். அதுவரைக்கும் நீ உக்காருடா" என்று உம்மு தாஃபிர் அவனைக் கூடைப் பலகைமேல் உட்கார்த்திவிட்டாள். கத்தரிக்காய் நீர் சளசளவென்று வடிந்தது.

மதிலுக்கு அப்பால் கர்னலின் குரல் எண்ணத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. ஷிப்லி கண்ணை மூடிக்கொண்டான். மூன்று.

டம்ம்!

ஒரே சத்தம். பிறகு மரம் பிளக்கும் ஓசை, பூட்ஸ் கால்கள் உள்ளே ஓடும் ஓசை. கர்னல் நான்கு என்று சொல்லவே இல்லை.

"இடுப்பால வீசிட்டான்!" என்று கத்தியவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று அவனுக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் பணிப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு அங்கு வந்தார். கழுதைக்கு எதிரே இப்போது இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அழியவில்லை.

"தோள் சரியாகுற வரைக்கும் அவன். அப்புறம் நீ. ஏமாத்தினதுக்குத் தண்டனை தனியா இருக்கு, இன்னிக்கே டாக்டர்கிட்ட போறே" என்றார்.

ஷிப்லி துள்ளி எழுந்தான்.

"எவன்டா எழுந்திரிக்கச் சொன்னது?" என்று அகப்பை பறந்து வந்தது. "கல்லு இன்னும் காயல!"