இரும்புப் பெட்டிக்குக் கீழே நின்ற ஆள்

நான்காவது டம்ளர் தண்ணீரை யாரும் எடுக்கவில்லை.

தட்டை நீட்டியபடி அவள் கூடத்தில் நின்றாள். மேஸ்திரி ஒன்றை எடுத்து அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். நெட்டையாக இருந்தவன் ஒன்று எடுத்தான். சட்டைப்பையில் சீப்பு செருகியிருந்தவன் ஒன்று. மூன்றும் காலியாகித் தட்டுக்குத் திரும்பிய பிறகும் நான்காவது விளிம்புவரை நிறைந்து, அவள் கை அசையும்போதெல்லாம் லேசாகத் தளும்பிக்கொண்டிருந்தது.

"இன்னொருத்தர் எங்க?" என்றாள்.

"யாரும்மா?"

"உங்ககூட வந்தவரு. பெட்டிக்குக் கீழ நின்னு தாங்கிக்கிட்டு வந்தாரே."

மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டே மற்ற இருவரையும் பார்த்தார். "நாங்க மூணு பேருதாம்மா."

"அப்படியா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. அதான் குழம்பிட்டேன் போல," என்று சிரித்து வைத்தாள்.

ஆனால் அவள் குழம்பவில்லை. முப்பது வருஷம் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில், நுண்ணோக்கியின் மேல் குனிந்து ரத்த அணுக்களை எண்ணியே ஓய்வு பெற்றவள். எண்ணிக்கை பிசகினால் யாரோ ஒருவர் தலையில் விடியும் என்ற பயத்திலேயே வேலை பார்த்தவள். நான்கு பேரைப் பார்த்துவிட்டுத்தான் நான்கு டம்ளர் எடுத்து வைத்தாள்.

பெட்டி அண்ணனுடையது. அவள் மார்பு உயரம், மங்கிய பச்சை வர்ணம், ஒரு மூலை மட்டும் உள்ளே நசுங்கியிருக்கும். அண்ணனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. மாடியில் அவர், கீழே அவள் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில் காப்பிக்குக் கூப்பிட்டும் அவர் இறங்கி வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் செருப்புச் சத்தம் மட்டும்தான். குளிர்பதனப் பெட்டி உறுமி அடங்குவதைக்கூட யாரோ ஏதோ சொல்ல வருவதாக நினைத்து நிமிர்ந்து பார்ப்பாள். சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைத்துவிட்டு ஒன்றைத் திருப்பி எடுத்து வைப்பாள். தங்கை மகன் தொலைபேசியில் கேட்கும்போது மட்டும், "நல்லாத்தான் இருக்கேன்" என்பாள்.

மாடியை வாடகைக்கு விடலாம் என்று சொன்னது அவன்தான். கைக்குழந்தையோடு ஒரு தம்பதி வருவதாகப் பேச்சு. குழந்தை அழுதால் கேட்குமே என்று நினைத்ததும் அவளுக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. அதற்காகத்தான் பெட்டியைக் கீழே இறக்கித் தன் படுக்கையறையில் வைக்கச் சொன்னாள்.

வாசல் கதவைத் திறந்தால் எதிரே நேராக ஏறும் படிக்கட்டு. இரண்டு பக்கமும் சுவர், பதினேழு படிகள், நடுவில் திரும்ப இடம் கிடையாது. படிகளின் மேல் பலகைகளைப் பரப்பி, பெட்டியைச் சுற்றிக் கட்டிய பட்டையை மாடியறை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று பேர் மேலேயிருந்து அதை அங்குலம் அங்குலமாக விட்டார்கள். அவள் கீழே கூடத்து நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை முனகியது. சுவரில் சுண்ணாம்பு உரசி உதிர்ந்து புகையாக மிதந்தது. அந்த வெள்ளைப் புகைக்குள் பெட்டிக்கு முன்னால் ஒருவன் இறங்கி வந்தான். முதுகைப் பெட்டியில் கொடுத்து, முழங்காலை மடக்கி, தலையிலும் தோளிலும் ஈரச்சாக்கு போட்டு, முகம் தெரியாமல் குனிந்தபடி. கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டியிருந்தான். வெறுங்கால். பல்லிடுக்கில் காற்று போகும் சத்தத்தோடு மூச்சு விட்டான். பாவம், இத்தனை கனத்தையும் இவன் ஒருத்தன் தலையிலேயே கட்டிவிட்டார்களே என்று அவளுக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

மேஸ்திரி கிளம்பும்போது வாசலில் நின்று பட்டையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நானூறு கிலோவாவது இருக்கும்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு வந்தேன்மா. கையில கனமே தெரியல. நல்லபடியா எறங்கிருச்சு."

மூன்று பேரும் வண்டியில் ஏறினார்கள். அவள் எண்ணினாள். மூன்று பேர்தான்.

சாப்பிட்டுவிட்டுப் படிக்கட்டைப் பெருக்கப் போனாள். ஒவ்வொரு படியிலும் சுண்ணாம்புப் பொடி மெல்லிய மாவுபோலப் படிந்திருந்தது. வந்த மூவரும் தடித்த அடியுள்ள காலணி போட்டிருந்தார்கள். அந்தக் கட்டம்போட்ட தடங்கள் மேலும் கீழுமாக ஓரங்களில் கிடந்தன. நடுவில், பலகை கிடந்த இடத்திலேயே, வெறுங்கால் தடங்கள். பலகைக்கு அடியில் எப்படிக் கால்தடம் விழும் என்று துடைப்பத்தோடு நின்று யோசித்தாள். எல்லாம் கீழ்நோக்கி இறங்குபவை. மேலே ஏறிய தடம் ஒன்றுகூட இல்லை.

தடங்கள் கடைசிப் படியிலிருந்து வாசல் பக்கம் போகவில்லை. கூடத்துக்குள் திரும்பி, அவளுடைய படுக்கையறைக்குள் போயின. உள்ளே பெட்டியின் முன்னால் இரண்டு தடங்களோடு முடிந்தன. குதிகால்கள் இரும்பை ஒட்டி. விரல்கள் அவளைப் பார்த்து.

அங்கிருந்து அந்தக் கால்கள் எங்கேயும் போகவில்லை.

அறையில் ஈரச்சாக்கு வாடை அடித்தது. அதற்கு அடியில் துருவும் வியர்வையும் கலந்த ஒரு பழைய நெடி. துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்து மேஸ்திரியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பெட்டிய எறக்கும்போது கீழ நின்னவர் யாரு?"

"கீழ யாரும் நிக்கக் கூடாதும்மா. எங்க தொழில்ல முதல்ல சொல்லித் தர்றதே அதுதான். பட்டை நழுவுச்சுன்னா நின்னவன் கதி என்ன ஆவுறது?" பிறகு கேட்டார்: "ஏம்மா, யாரையாச்சும் பாத்தீங்களா?"

"வெறுங்கால்ல ஒருத்தர். சாக்கு போட்டிருந்தாரு."

"அந்தப் பெட்டி உங்க வீட்டுக்கு எப்பம்மா வந்துச்சு?"

"இருபது வருஷம் இருக்கும். அண்ணன் ஏலத்துல எடுத்தாரு."

"மாடிக்கு ஏத்துனது யாரு?"

அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவள் வேலைக்குப் போயிருந்தாள். மாலையில் திரும்பியபோது பெட்டி மாடியில் இருந்தது. அண்ணன் வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். தன் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாத மனுஷன். "தூசிம்மா," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். அன்று முதல் கடைசிவரை அவர் மாடியில் விளக்கை அணைத்துத் தூங்கியதில்லை. வயதானால் அப்படித்தான் என்று அவள் விட்டுவிட்டாள்.

"தெரியல தம்பி," என்றாள்.

"இன்னிக்கு ராத்திரி யார் வீட்டுக்காச்சும் போயிருங்கம்மா," என்று சொல்லிவிட்டு மேஸ்திரி வைத்துவிட்டார்.

யார் வீட்டுக்கு? தங்கை மகனைக் கூப்பிட்டாள். பாதி சொல்வதற்குள் அவன் பொறுமையாக, மிகப் பொறுமையாக, "பெரியம்மா, தனியாவே இருந்தா அப்படித்தான் ஏதாவது தோணும். அடுத்த வாரம் ஒரு டாக்டரப் பாத்துடலாமா?" என்றான். அந்தப் பொறுமைதான் அவளைச் சுட்டது. "வேணாம்ப்பா, நல்லாத்தான் இருக்கேன்," என்று வைத்தாள்.

கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். பேசி ஒரு வருஷம் ஆகியிருக்கும். போனால் ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டாள். அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. கூடத்துச் சுவரிலிருந்து வெளிச்சம் மெல்ல வழிந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்தும் வற்றிப்போனது. ஜன்னல் கம்பிகளின் நிழல் நீண்டு நீண்டு சோபாவின் காலைத் தொட்டது. கைப்பையும் சாவியும் படுக்கையறையில் இருந்தன. ஐந்து நிமிஷம் கூடத்திலேயே நின்று தன்னைத் தேற்றிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து போய் விளக்கைப் போட்டாள்.

கட்டில் இருந்தது. கட்டில்மேல் கைப்பை இருந்தது.

பெட்டி இல்லை.

சுவரோரம் வெற்றுத் தரை. சுண்ணாம்புத் தடங்கள் இப்போது திரும்பியிருந்தன. அறையை விட்டு வெளியே. கூடத்தின் வழியாக, அவள் இத்தனை நேரம் நின்றிருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, படிக்கட்டை நோக்கி. ஒரு சத்தமும் கேட்கவில்லையே. அவள் நின்றிருந்தாளே. அவளை உரசிக்கொண்டல்லவா போயிருக்க வேண்டும்.

கைப்பையை எடுத்தாள். சாவி உள்ளே கிடந்து குலுங்கியது. கூடம். நிலை. வாசல் கதவு நாலே எட்டு. வலது பக்கம் படிக்கட்டு. பார்க்கக் கூடாது. பார்க்காமல் போனால் போதும்.

மேல் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு ஒரு சாண் திறந்தது. தெருக்காற்று முகத்தில் பட்டது. எங்கேயோ ஒரு சைக்கிள் மணி.

பின்னால், படிகளில், பல்லிடுக்கில் போகும் மூச்சு.

திரும்பிவிட்டாள்.

பெட்டி மேல்படியின் விளிம்பில், பாதி உள்ளேயும் பாதி வெளியிலுமாகச் சாய்ந்து நின்றது. பட்டை இல்லை. பலகை இல்லை. மேலே பிடிக்க யாரும் இல்லை. அதற்கு அடியில் அவன். முதுகைக் கொடுத்து, முழங்காலை மடக்கி. கால்கள் நடுங்கின. சாக்கின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது.

தலையை நிமிர்த்தினான். கோரமான முகம் இல்லை. முப்பது வயது இருக்கலாம். களைத்துப்போன, சாதாரண முகம்.

"அம்மா," என்றான். "தனியா முடியலம்மா."

தாழ்ப்பாளில் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

இரண்டு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை. தங்கை மகனிடம் சொல்லவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. கண்ணாடியிடம்கூடச் சொல்லவில்லை. இவன் சொன்னான். இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பான். அண்ணன் மேலே, விளக்கைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்.

பெட்டி ஒரு விரல்கடை நழுவியது. அவன் முனகினான்.

கைப்பை கீழே விழுந்தது. செருப்பைக் கழற்றினாளா, அதுவாகக் கழன்றதா என்று தெரியவில்லை. முதல் படி. இரண்டு. ஐந்து. சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கின. போகாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது, கால் கேட்கவில்லை. பத்து. பதினான்கு. துரு வாடை. ஈரம்.

"கொஞ்சம் தள்ளிக்கப்பா," என்று தன் குரலே சொல்வது கேட்டது.

அவன் அவளுக்கு இடம் விட்டு ஒருக்களித்தான். சாக்கு சரிந்து விழுந்தது.

பக்கவாட்டில் அவனுக்கு உடம்பே இல்லை. சட்டையின் முன்துணியும் பின்துணியும் ஒட்டிக்கொண்டு, ஒரு கைவிரல் தடிமன்கூட இல்லாமல். பொத்தான்கள் முதுகெலும்பின் முடிச்சுகளில் போய்ப் பதிந்திருந்தன.

கீழே ஓடிவிடலாம் என்று திரும்பினாள். திரும்பியவுடன் முதுகில் இரும்பு தொட்டது. சில்லென்று. பிறகு கனம். நிதானமாக, முழுசாக, வந்து உட்கார்ந்தது.

"விடாதீங்கம்மா," என்றான் அவன், நன்றியோடு.

அவள் விடவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. முழங்கால்கள் தாமாக மடங்கின. கால்விரல்கள் படியை இறுகப் பற்றிக்கொண்டன. கீழே, ஒரு சாண் திறந்த கதவுக்கு அப்பால், தெருவிளக்குகள் எரியத் தொடங்கின. யாரோ இரண்டு பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ஒருத்தி நின்று, திறந்து கிடந்த கதவைப் பார்த்து, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள். கூப்பிட நெஞ்சுக்குள் இடமில்லை.