அருமை என்று எழுதியவள்

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை தூத்துக்குடியில் சாட்சி நாள். அவரவருக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு அடையாள மன்றத்துக்குப் போக வேண்டும். "இவர் இவரேதான்" என்று அந்த ஒருவர் சொல்லிவிட்டால் ஐந்து நிமிட வேலை. திரும்பும் வழியில் டீயும் குடிக்கலாம்.

வேறு வழி எதையும் திருடர்கள் விட்டுவைக்கவில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லிக் கடவுச்சொல்லைக் கறந்தார்கள். குப்பையில் எறிந்த தாள்களைப் பொறுக்கினார்கள். டம்ளரிலிருந்து கைரேகையையும் ஒரு நிமிடப் பேச்சிலிருந்து குரலையும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அடுத்தவர் முகத்தை அப்படியே மாட்டிக்கொள்ளும் உயிர்முகமூடி வந்தது, முகமும் போயிற்று. மனிதரை மனிதர்தான் சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது.

இந்த முறை மரகதவல்லி போனபோது அங்கே இன்னொரு மரகதவல்லி உட்கார்ந்திருந்தாள். இருவரையும் திரை போட்ட இரண்டு கூண்டுகளில் வைத்தார்கள். தோற்றவளுக்குச் சிறை, ஜெயித்தவளுக்கு வீடும் பெயரும்.

சாட்சி எதிர்வீட்டு எஸ்தர். எதிர்வீடுதான் என்றாலும் கொஞ்ச காலமாகப் பேச்செல்லாம் கைபேசிச் செய்தியில்தான். அதில் தேன் ஒழுகும்.

எஸ்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போன மாசம் நான் குடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப அருமைக்கா. அந்தக் கைப்பக்குவம் யாருக்கு வரும்!" என்றது பக்கத்துக் கூண்டு, மரகதவல்லியின் குரலில்.

அவள் செய்தியில் எழுதிய அதே வரி. படுபாவி, அதையும் திருடியிருக்கிறாள்! தானும் அதையே சொன்னால் இருவரும் ஒன்று. உண்மையைச் சொன்னால் எஸ்தர் கோபித்துக்கொண்டு மாற்றிக் கை காட்டிவிடலாம். மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

"உப்பு கரிச்சுச்சுக்கா. பூனைக்கு வச்சேன். அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டு."

எஸ்தர் வாய்விட்டுச் சிரித்தாள். "இவதான்யா மரகதம். ரெண்டு தடவ உப்பு போட்டது சாப்பிடும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது."

பக்கத்துக் கூண்டின் கதவு பூட்டிக்கொண்டது. அதிகாரி எழுதி முடித்துவிட்டு, "குழம்பு இப்போ பதிவேட்டுல ஏறிட்டும்மா. இனிமே திருடனுக்கும் தெரிஞ்சிரும், அடுத்த தடவ இது உதவாது" என்றார்.

வெளியே வந்ததும் எஸ்தர் முறைத்தாள். "அப்போ அருமைன்னு எழுதுனது பொய்யா, ஏட்டி?"

"ஒங்க மனசு நோகக் கூடாதேன்னுதான்க்கா."

"நோகட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வா, போனை ஒன் வீட்டுலயே வச்சிட்டு வா. அடுத்த மாசத்துக்கு நாம நேர்ல பேசுன பேச்சு நாலாவது வேணும்லா?"

மரகதவல்லி சந்தோஷமாகத் தலையாட்டினாள்.