ஆறாம் தலைமுறை குனிந்தது

சிக்னலுக்கு முன்னால் தேங்கியிருந்த மழைத்தண்ணீரை வாரி ஒரு பெண்ணின் புடவை முழுக்க இறைத்துவிட்டு, கார் தானாகவே ஓரமாக நின்றது. முன்சக்கரங்களைத் தாங்கிய காற்றுச் சுருள்கள் மெல்ல இறங்கின. விளக்குகள் மங்கின. கருநீல நிறத்தில் பளபளத்த அந்த நீண்ட மூக்கு, தரையைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும் அளவுக்குத் தாழ்ந்தது. புடவையைப் பிழிந்துகொண்டிருந்தவள் காரை ஒரு தரம் பார்த்தாள். "சரி சரி, போ" என்று கையை வீசினாள். கார் நிமிர்ந்து புறப்பட்டது.

உள்ளே யுகேந்திரன் கைத்திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்திருந்தார். காது மடலில் லேசாகச் சூடு ஏறி இறங்கிவிட்டது. காருக்கு அதுவே போதும்.

"யாருக்குங்க குனிஞ்சுது?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தாரணி கேட்டாள்.

"யாரோ ஒரு அம்மா. அதெல்லாம் கார் பாத்துக்கும்."

கார் பார்த்துக்கொண்டது. கோயம்புத்தூரில் அப்போது எல்லாவற்றையும் கார்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷிகுரே என்ற அந்த ஜப்பான் காரின் வரலாறு யுகேந்திரன் வீட்டில் குடும்ப வரலாறு மாதிரி. பம்ப் செட் கம்பெனி தொடங்கிய தாத்தா வாங்கியது முதல் தலைமுறை. அதன் எஞ்சின் ஓடுவதே கேட்காது. நின்றுவிட்டது என்று நினைத்துத் தாத்தா மறுபடியும் சாவியைத் திருகுவார், அது கிறீச்சென்று கத்தும். அப்பா வாங்கியது இரண்டாம் தலைமுறை. அதற்குப் பள்ளம் மேடு தெரியாது. அவினாசி ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்களில் ஊரே இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிந்தபோது, "ரோடு நல்லாத்தான இருக்குது" என்று கவுன்சிலரிடம் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். மூன்றாம் தலைமுறையில் வெளியே அடிக்கும் நாற்றம் உள்ளே வரவில்லை, நொய்யல் ஆற்றைத் தாண்டும்போது யாரும் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை. நான்காவதில் ஹாரனும் ஏச்சும் கேட்கவில்லை. ஐந்தாவதில் டிரைவர் போனார், கண்ணாடி கறுத்தது. உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே ஈ காக்கை தெரியாது.

யோசித்துப் பார்த்தால், அத்தனை தலைமுறையும் ஒரே வேலையைத்தான் மேலும் மேலும் திறமையாகச் செய்துவந்தன. வெளியே இருக்கிற எதுவும் உள்ளே இருப்பவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டன.

வெளியே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்தாம் தலைமுறைக் கார்கள்மேல் கல் விழத் தொடங்கியது. கோவையில் மட்டுமல்ல, அது ஓடிய ஊரிலெல்லாம் விழுந்தது. ஜப்பானில் கூடிப் பேசிய பொறியாளர்கள், மன்னிப்புக் கேட்டால் கல் விழாது என்று கண்டுபிடித்தார்கள். காரில் போகிறவர்கள் இறங்கி மன்னிப்புக் கேட்க மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே காரையே கேட்க வைத்தார்கள். இப்படித்தான் ஆறாம் தலைமுறையில் நாணமானி வந்தது. இருக்கைக்குள் பதித்த ஒரு சின்னக் கருவி அது. நாடித்துடிப்பு, முகத்துச் சூடு, தொண்டை இறுகுவது எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு கூசுகிறார் என்று கணக்குப் போடும். கூச்சம் எவ்வளவோ கார் அவ்வளவு குனியும். நடிக்க முடியாது. உடம்பு வெட்கப்பட்டால்தான் வண்டி இறங்கும்.

கூடவே இன்னொரு வசதியும் இருந்தது. குனிந்த சற்று நேரத்தில் பிடரிப் பக்கம் சில்லென்று ஒரு காற்று வரும், இருக்கை முதுகை இதமாக அமுக்கும், சூடு வடிந்துவிடும். தணிப்புக் காற்று என்று பெயர். 'சுமையை வீட்டுக்குச் சுமந்து செல்லாதீர்கள்' என்று விளம்பரம் செய்தார்கள். கார்கள் விற்றுத் தீர்ந்தன. கல்லெறி நின்றது. பார்க்கிறவர்களுக்கும் மனசு இளகியது, அத்தனை விலையுள்ள வண்டி மூக்கைத் தரையில் வைத்தால் யாருக்குத்தான் இளகாது? பெற்றோரை முதியோர் இல்லத்தில் விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக வந்து வாசலில் குனிந்துவிட்டுப் போனார்கள். இறங்க நேரமில்லை.

இந்த வசதியோடுதான் யுகேந்திரன் அன்றைக்குச் சூலூருக்குப் போய்க்கொண்டிருந்தார். தாரணியின் அண்ணன் லோகநாதனைக் கல்யாணத்துக்கு அழைக்க வேண்டும்.

நேரில் போய் அழைக்க வேண்டி வந்ததற்குக் காரணம், மகள் இதழினியின் நிச்சயதார்த்தத்தில் நடந்த ஒரு விஷயம். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம். லோகநாதன் சூலூரில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறவர். தாய்மாமன் முறைக்குச் சீர்த்தட்டுகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து, தானே தோளில் சுமந்து மண்டபத்துக்குள் நுழைந்தார். வேட்டி ஓரத்தில் காய்ந்த மாவு ஒரு திட்டாக ஒட்டியிருந்தது. சம்பந்தி அதைப் பார்த்துவிட்டு, "இவர் யாருங்க?" என்று கேட்டார்.

யுகேந்திரன் யோசிக்கவேயில்லை. "நம்ம ஆளுதானுங்க. கம்பெனில வேலை பாக்கறவரு" என்று சொல்லிவிட்டார்.

லோகநாதன் காதில் அது விழுந்தது. அவர் சண்டை போடவில்லை. தட்டுகளை இறக்கி வைத்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வேலை முடிந்ததும் ஒரு வாய் சாப்பிடாமல் டெம்போவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாரணிக்கு விஷயம் தெரிந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"எங்கண்ணன் வந்து பட்டம் கட்டாம எம் புள்ளை மணவறை ஏறாது" என்று அவள் சொல்லிவிட்டாள். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டித்தான் அவர்கள் பக்கம் பெண்ணை மணவறைக்கு அழைப்பார்கள். "நீங்க போயி, நீங்களே வாயத் தொறந்து கூப்பிடோணும். நான் கூப்பிட்டா அது ஆகாது."

இதழினியும் அம்மா பக்கம்தான். "மாமா வரலைன்னா தேதிய மாத்துங்கப்பா" என்றாள்.

மாவுக் கடை வாசலில் கார் நின்றபோது கல்லாவில் லோகநாதன் இருந்தார். மாவு வாங்க நின்றிருந்த பெண்கள் விலகி வழிவிட்டார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து யுகேந்திரன் மச்சானைப் பார்த்தார். அதே வேட்டி. முழங்கை வரை மாவு. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாற்காலி தூக்கிய ஆள் கண்முன்னால் வந்து நின்றார். யுகேந்திரனுக்கு முகம் பற்றி எரிந்தது.

கார் குனியத் தொடங்கியது. அது வாங்கிய நாளிலிருந்து அப்படிக் குனிந்ததில்லை. மூக்கு தரையில் உரசி மண்ணைத் தொட்டது. பின்பக்கம் தூக்கிக்கொண்டதில் தாரணி முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடியாத்தி, எவ்வளவு கீழ போகுது பாரு" என்றாள் மாவு வாங்க வந்த ஒருத்தி.

லோகநாதன் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். காருக்கு முன்னால் நின்றார். யாருடைய கார் என்று அவருக்குத் தெரியும். அவர் கண் காரின் கதவிலேயே இருந்தது.

"எறங்குங்க" என்று தாரணி மெதுவாகச் சொன்னாள். "அண்ணன் பாக்குதுங்க. எறங்குங்க."

யுகேந்திரன் நிஜமாகவே இறங்கத்தான் நினைத்தார். கை கதவுப்பிடிமேல் இருந்தது. காலில் விழுந்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் பிடரியில் சில்லென்று காற்று வந்தது. இருக்கை முதுகை இதமாக அமுக்கியது. எரிச்சல் அடங்கியது, மூச்சு சீரானது. இத்தனை பேர் பார்க்க நடுத்தெருவில் இறங்கி நிற்பது அவ்வளவு அவசியமா என்று ஒரு நல்ல யோசனை வந்தது. கை பிடியை விட்டது.

லோகநாதன் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து, மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, காரின் மூக்கைத் தடவிக் கொடுத்தார்.

"எந்திரி சாமி. போச்சாது, விடு. நான் வாறேன்."

கார் நிமிர்ந்தது. தாரணி கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யுகேந்திரன் உள்ளேயிருந்து நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்தது.

கல்யாணத்தன்று லோகநாதன் சொன்னபடி வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. தட்டுகள் ஒன்றும் குறையவில்லை. இதழினியின் நெற்றியில் பட்டம் கட்டினார். பெண் அழுதாள், மாமனும் அழுதார். யுகேந்திரன் மண்டப வாசலுக்கும் மேடைக்கும் நடந்து நடந்து ஓய்ந்துபோனார், ஆனால் மனசு நிறைவாக இருந்தது.

முகூர்த்தம் முடிந்து ஆட்கள் பந்திக்கு நகர்ந்தபோது, பட்டம் கட்டும் வழக்கம் தெரியாத சம்பந்தி லோகநாதனைப் பார்த்துவிட்டார். "நீங்க பொண்ணுக்கு என்ன முறைங்க? உங்கள எங்கியோ பாத்திருக்கேனே."

"நானுங்களா?" லோகநாதன் சிரித்தார். "இவருகிட்ட வேலை பாக்கறவனுங்க. நிச்சயத்தன்னிக்கே சொன்னாருங்களே."

சுற்றி நின்றவர்கள் யுகேந்திரனைப் பார்த்தார்கள். பட்டம் கட்டியவரை வேலைக்காரன் என்று சொன்னாரா இவர்? சம்பந்தியின் மனைவி பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டாள். யுகேந்திரனுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. பிடரியில் காற்று வரும் என்று உடம்பு தன்னையறியாமல் காத்திருந்தது. மண்டபத்து மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் மச்சானைக் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனார். "மச்சான், நான்தான் அன்னிக்கு வந்தேனே. அவ்வளவு கீழ குனிஞ்சேனே. நீங்களுந்தான் மன்னிச்சுட்டீங்களே."

லோகநாதன் நிதானமாகச் சொன்னார். "கார் வந்துச்சுங்க மாப்ள. பாவம், மூக்கு மண்ணுல இடிக்கற மாதிரிக் குனிஞ்சுது. அதை நான் மன்னிச்சுட்டனுங்க. அது மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." யுகேந்திரனை நேராகப் பார்த்தார். "நீங்க வரலீங்களே."

கையை விடுவித்துக்கொண்டு வெளியே நடந்தார். பந்திப் பக்கம் திரும்பவில்லை. வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், அந்தக் கருநீலக் காரின் நெற்றியில் தட்டிலிருந்து எடுத்து வந்த சந்தனத்தை ஒரு பொட்டாக வைத்தார். வெற்றிலை பாக்கை அதன் மூக்கின்மேல் வைத்தார். பிறகு தன் டெம்போவை நோக்கிப் போனார்.

பின்னாலேயே யுகேந்திரன் ஓடி வந்தார். டெம்போ இன்னும் கிளம்பவில்லை. ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் முகம் எரிந்துகொண்டிருந்தது, நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அந்த எரிச்சலை அவரால் ஒரு நிமிஷம்கூடத் தாங்க முடியவில்லை. தாங்கிப் பழக்கமில்லை. கால்கள் பாதி வழியில் காரின் பக்கம் திரும்பின. ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார் குனிந்தது. வெற்றிலை சரிந்து கீழே விழுந்தது.

வியர்வை ஆறுவதற்குள்ளேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இப்போது காற்று வரும். வந்தால் எல்லாம் போய்விடும், இறங்கத் தோன்றாது. "நிறுத்து" என்று கத்தினார். "காத்த நிறுத்து. எனக்கு இது வேணும்."

"உங்கள் நலனுக்காகத் தணிப்பை நிறுத்த இயலாது" என்று கார் மரியாதையாகச் சொன்னது.

அவர் கை கதவுப்பிடியைத் தேடியது. பிடரியில் சில்லென்று காற்று வந்தது.

தாரணி வெளியே வந்தபோது டெம்போ வாசலைத் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தது. கார் மூக்கைத் தரையில் வைத்துக் குனிந்திருந்தது. யுகேந்திரன் உள்ளே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இந்தத் தடவையாவது இறங்குவார் என்று, அன்றைக்கு அண்ணன் நின்ற மாதிரியே, கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கார் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. கதவு திறக்கவில்லை.

சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. தாரணி அதை முந்தானையால் துடைத்துவிட்டு, பந்தியைக் கவனிக்க உள்ளே போனாள்.