அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்விட்ச்

வீட்டில் இருந்தவர்கள்: அவள், பூசணி என்று அவர்கள் கூப்பிடும் அவளுடைய எட்டு மாதப் பெண், அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த நாத்தனார். வேறு யாரும் இல்லை. நாளை குடிவர வேண்டிய வாடகை வீடு. கண்டதையெல்லாம் தொட்டுவிட்டு விரலை வாயில் வைக்கிற பூசணிக்காகத்தான் இன்றே ஸ்விட்சுகளைத் துடைக்கும் இந்த வேலை.

மெயினை அணைத்துவிட்டு ஹாலில் அதன் கீழேயே நாத்தனார் காவல் நின்றாள். முன்பொரு முறை நாத்தனாரின் தம்பி, இவளுடைய கணவன், ஸ்விட்ச் துடைத்துக்கொண்டிருந்தபோது யாரோ மெயினைப் போட்டுவிட, ஆள் தூக்கியெறியப்பட்டான். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் இது வழக்கம். துடைக்கிறவர் விடாமல் குரல் கொடுக்க வேண்டும்.

"சத்தத்தையே காணோம். இருக்கியா?"

"இருக்கேன் அண்ணி."

"இருந்தாச் சரி. என் தம்பிக்கு இன்னொருத்தியத் தேட எனக்குத் தெம்பில்ல."

சிரித்துக்கொண்டே அவள் படுக்கையறைக்குள் போனாள். வீட்டுக்காரர் விட்டுப்போன மர அலமாரி சுவரை ஒட்டி நின்றது. பின்னால் ஒருக்களித்து நுழையத்தான் இடம். அதன் கோடியில் ஒரு ஸ்விட்ச். பிழிந்த துணியை ஒரு நீள மர ஸ்கேலில் சுற்றி நீட்டியவள் நிறுத்தினாள். சுற்றிலும் வருடக்கணக்கான ஒட்டடை அறுபடாமல் தொங்க, ஸ்விட்சின் மேல் மட்டும் விரல் அழுக்கு, தினமும் யாரோ போட்டு அணைப்பதுபோல வழவழவென்று படிந்திருந்தது.

துடைத்தாள். போனது. துணியைத் திருப்பிச் சுற்றுவதற்குள் மறுபடியும் இருந்தது. ஈரமாக.

"இருக்கியா?"

"இருக்கேன்."

அந்தச் சொல் அவள் வாயிலிருந்து ஒரு தடவையும், அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மூச்சு தாமதமாக இன்னொரு தடவையும் கேட்டது. காலி வீடு, எதிரொலிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதியில் விட்டுப் போகவும் மனம் வரவில்லை. நாளை இந்த அறையில்தான் குழந்தை தூங்க வேண்டும். உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்தாள். பழைய மரத்தின் புளித்த வாடை. அதோடு வெதுவெதுப்பாக இன்னொன்று, தூங்கி எழுந்தவர் வாய் நாற்றம்.

"என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா? கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்கு."

"தூசி அண்ணி."

நூலாக வந்தது குரல். பின்னாலிருந்து அதே சொல், இன்னும் தெளிவாக.

வெளியே வரப் பார்த்தாள். அலமாரி முதுகில் முட்டியது. நுழையும்போது இருந்த இடம் இப்போது இல்லை. ஜன்னல் வெளிச்சமும் மங்கிவிட்டது.

"இருக்கியா?"

வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"இருக்கேன் அண்ணி. முடிஞ்சுது."

ஹாலிலிருந்து. அவளுடைய குரல்.

"அதுக்குள்ளயா? இந்த இருட்டுல உன் மூஞ்சியே தெரியல. மெயினப் போடட்டுமா?"

"வேணாம். கிளம்பலாம். குழந்தையக் குடுங்க."

முழங்கையால் பின்னால் மரத்தில் இடித்தாள். மறுபடியும். மறுபடியும்.

"என்னடி அது சத்தம்?"

"எலி."

பூசணி வீறிட்டாள். பசிக்கு இல்லை, தூக்கத்துக்கு இல்லை. அவள் கேட்டேயிராத அழுகை.

"ஏய், அம்மாகிட்டப் போறதுக்கு என்ன இவ்வளவு பிடிவாதம்? வாங்கிக்கோ, என் இடுப்பு ஒடியுது."

அழுகை நின்றது. பட்டென்று.

இடித்தாள். நகம் பெயரச் சுரண்டினாள். குரல் இல்லை. அது வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தது, அவளுடைய தாலாட்டை மெதுவாக முணுமுணுத்தபடி.

செருப்புச் சத்தம். கதவு சாத்தப்பட்டது. வெளியே சாவி திரும்பியது. நாத்தனார் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.