ஊசி குத்தாத விரல்

மேலப்பாளையத்துச் சந்து வீட்டுக்கு ரைஹானத் குடிவந்தது ஒரு மத்தியான வேளையில். துபாயில் புருஷன் மவுத்தாகி, விதவை வீட்டோடு இருக்கவேண்டிய நாலு மாத இத்தா முடிந்த கையோடு வந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னது. இனி சுடிதார்களுக்குப் பட்டன் தைத்து, ஓரம் மடித்துத்தான் மகள் அர்ஷியாவை வளர்க்க வேண்டும்.

சுவர் மாடத்தில் ஒரு பித்தளை அங்குஸ்தான் கிடந்தது. ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் விரல் நுனியில் மாட்டுகிற குட்டித் தொப்பி. நடுவிரலில் போட்டதும் கச்சிதமாகப் பொருந்தியது. லேசாய்த் தீய்ந்த வாடை அடித்தது.

அன்றைக்கே ஊசி நழுவிப் பெருவிரலில் ஏறியது. பெருவிரலில் அங்குஸ்தான் இல்லை.

ஆனாலும் வலிக்கவில்லை.

நல்லதாய்ப் போயிற்று என்றே நினைத்தாள். நெஞ்சே மரத்துப் போனவளுக்குக் கை மரத்தால் என்ன? நாளாக நாளாக, கழற்றி வைத்தாலும் கை மரத்தே கிடந்தது. வீடு அடங்கியிருக்கும்போது உள்ளறையில் யாரோ பித்தளை விரலால் சுவரைத் தட்டுவார்கள்.

டொக்.

போய்ப் பார்த்தால் தீய்ந்த வாடைதான் இருக்கும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக் கமர் நிஷா வந்தவள், அங்குஸ்தானைக் கண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

"ஏளா, இது இங்கன முன்ன குடியிருந்தவளோடதுல்லா! துணியில தீப்பிடிச்சு எரியுது, அவ உக்காந்து தச்சிக்கிட்டிருக்கா. ஒரு சத்தம் போடாமலே கருகி மவுத்தாயிட்டாளே!"

ரைஹானத்துக்குப் பயம்கூட வரவில்லை.

"புள்ள எங்க?" என்றாள் கமர் நிஷா.

"காலையிலேந்து தூங்குதா மாமி. தொட்டுத் தொட்டுப் பாத்தேன், காய்ச்சல் ஒண்ணும் இல்ல."

கமர் நிஷா உள்ளே போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள்.

"அல்லாவே! நெருப்பாக் கொதிக்குதே!"

ரைஹானத் தன் கையை வெறித்தாள். அங்குஸ்தானைப் பிடுங்கி எறிந்துவிட்டு மகளை வாரிக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் பிள்ளையின் சூடு மெல்ல மெல்ல உள்ளங்கையில் உறைத்தது. அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு நரம்பு அகப்படவில்லை. குத்தினாள். மறுபடியும் குத்தினாள். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற அர்ஷியா, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலிக்கலியே, உம்மா. இந்த மாமி கையைப் பிடிச்சிருக்காவல்லா."

கட்டிலின் அந்தப் பக்கம் வெறும் சுவர். லேசாய்த் தீய்ந்த வாடை அடித்தது.

"எந்த மாமிளா?"

அர்ஷியா பைய உம்மாவின் காதோரம் வந்தாள்.

"சத்தம் போடாதிய. தச்சு முடிஞ்சதும் விட்டுருவாவளாம்."