வெளியே போன பசி

காலையில் முருங்கை மரத்தடியில் ஊற்றிய கஞ்சி, ஊற்றிய இடமே தெரியாமல் போயிருந்தது.

பதருன்னிசா வெறும் பாத்திரத்தோடு பின்கட்டில் நின்று தரையைப் பார்த்தாள். கோவளத்து மணல் தண்ணீரை உடனே குடித்துவிடும், அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கஞ்சி காய்ந்த வெள்ளைத் திட்டாவது மிஞ்ச வேண்டாமா? யாரோ துணி போட்டுத் துடைத்த மாதிரி இருந்தது. மதிலில் நாலைந்து காக்கைகள் உட்கார்ந்திருந்தன. பாத்திரச் சத்தம் கேட்டாலே தலைமேல் வந்து விழுகிற ஜென்மங்கள். ஒன்றுகூட இறங்கவில்லை.

"இன்னாங்கடி, நோன்பா?" என்று அவற்றைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இருந்தது.

அவள் புருஷன் ஹயாத் பாஷா கல்யாண பிரியாணி மாஸ்டர். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் அவர் கரண்டி போடாத நிக்காஹ் கிடையாது. ஆக்கியதைப் போலவே தின்றும் வந்த மனிதர். உடம்பு பெருத்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்ததும், இப்படியே போனால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பதருன்னிசா அழுது, சண்டை போட்டு, பட்டினி கிடந்து அவரை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தாள். அவர் உயிரோடு இருந்தால் போதும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்தார்கள். "பசியைக் கிளப்பி வுடற பாகமே அதுதாம்மா. இனிமே சாருக்குப் பசியே தெரியாது" என்றாள் நர்ஸ்.

வெட்டியதைப் பதருன்னிசா கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டு வாங்கி வந்தாள். மனுஷ உடம்பிலிருந்து போனது எதுவானாலும் குப்பைக்குப் போகக் கூடாது, மண்ணுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கபர்ஸ்தானில் அடக்கம் பண்ணக் கொடுத்திருக்கலாம். ஆனால் பிரியாணி மாஸ்டர் வயிற்றுக்கு ஜனாஸா வைத்தார்கள் என்று ஊரே சிரிக்குமே! வெள்ளைத் துணியில் சுற்றி, யாருக்கும் சொல்லாமல் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. மிஞ்சிய சோற்றைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, வாயுள்ள ஜீவன் தின்கிற இடத்தில் வைக்க வேண்டும். அந்த இடமும் முருங்கை மரத்தடிதான். இரண்டு நல்ல காரியத்தையும் ஒரே இடத்தில் செய்யாதே என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

ஆபரேஷனுக்கு அப்புறம் கொடுத்த கஞ்சித் தெளிவு முடிந்து, பருப்பும் பூசணியும் சேர்த்துக் கூழாக அரைத்துக் கொடுக்கிற கட்டம் வந்தது. குழந்தை ஸ்பூனில் ரெண்டு வாய் வாங்கிவிட்டு ஹயாத் பாஷா கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். "போதும் பதுரு. பசின்னா இன்னான்னே மறந்து பூட்ச்சு." ஆள் கண்ணெதிரே இளைத்து வந்தார். மாடிப்படி ஏறினார். பதருன்னிசா சந்தோஷத்தில் மிச்சக் கூழையெல்லாம் மரத்தடிக்குக் கொண்டு போனாள்.

ஒரு மத்தியானம், ஃபேன் கிறுகிறுவென்று சுற்ற, கடல் காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட, புருஷன் பக்கத்தில் அரைத்தூக்கத்தில் படுத்திருந்தவளுக்கு வயிறு இரைகிற சத்தம் கேட்டது. நீளமாக, அடியிலிருந்து கிளம்பி, குழாயில் காற்று புரள்கிற மாதிரி உருண்டு, கடைசியில் முனகலாக முடிந்தது. பசிக்குது போலிருக்கே என்று ஆசையாக அவர் வயிற்றில் காதை வைத்தாள். உள்ளே நிசப்தம்.

சத்தம் மறுபடி வந்தது. பின்கட்டிலிருந்து.

கதவைத் திறந்தாள். புளித்த வாந்தி நெடி முகத்தில் அடித்தது. மரத்தடி மண் பரோட்டா மாவு மாதிரி உப்பியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல அமுங்கி, மெல்ல எழும்பியது. எலி வளை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பவில்லை.

முட்டைக்கு அப்புறம் மீன். மீன்காரப் பொன்னி கிழங்கான் கொண்டு வந்தாள். "முள்ளு கம்மி பாயம்மா. புள்ள பெத்தவளுக்கே குடுக்கலாம். பாய்க்கு இன்னா, ஜம்முனு உள்ள பூடும்." ஆவியில் வேக வைத்ததில் ஒரு சிட்டிகைதான் அவருக்கு இறங்கியது. மீதியை மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பியபோது அடுத்த வீட்டுப் பூனை மதிலிலிருந்து குதித்தது.

அது ஒரு தரம்தான் கத்தியது. பதருன்னிசா திரும்பிப் பார்க்கையில் தலையும் முன்கால்களும் மண்ணுக்குள் இருந்தன. பின்கால்கள் காற்றை உதைத்தன. மண் ஒரு மடக்கு விழுங்கியது. எலும்பு நொறுங்குகிற சத்தம், முருங்கைக்காயை ஒடிக்கிற மாதிரி. இன்னொரு மடக்கு. வால் மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அதுவும் போயிற்று.

அதோடு அவள் பின்கதவைத் தாழ் போட்டாள். மிச்சத்தையெல்லாம் தெருநாய்க்கு வைத்தாள். மறுநாளே ஹயாத் பாஷா கட்டிலில் சுருண்டு விழுந்தார். "வயிறு கிழியிது பதுரு! உள்ள யாரோ கையி வுட்டுப் பிராண்டறாங்க!" சுவரில் தலையை மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. கூடுவாஞ்சேரியிலிருந்து மகள் ஃபைஸா, "அம்மா, உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க" என்று போனில் அழுதாள். பதருன்னிசா ஜன்னல் வழியே பார்த்தாள். அவர் துடிக்கிற ஒவ்வொரு தடவையும் மண்ணும் துடித்தது. ஓடிப்போய், அவருக்காக வேக வைத்திருந்த கோழியைச் சட்டியோடு தூக்கிக் கொட்டினாள்.

உள்ளே அலறல் நின்றது.

அப்புறம் அவள் உயிர்க்கோழியாக வாங்கினாள். காலைக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். கறிக்கடையில் தொடைக்கறியை முழுசாக வாங்கி வீசினாள். ஹயாத் பாஷா நாளுக்கு நாள் தேறினார். செக்கப்புக்குப் போனபோது டாக்டர், "சூப்பர்மா, ஆட்டுக்கறியும் ஆரம்பிச்சிடலாம்" என்று பாராட்டினார். பதருன்னிசாவுக்கு அங்கேயே கத்தி அழ வேண்டும் போலிருந்தது. மேடு அதற்குள் துவைக்கிற கல்லைத் தாண்டிப் பின்வாசல் படிக்கே வந்துவிட்டது. உயிரில்லாத கறியை இப்போதெல்லாம் அது தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஃபைஸா வருகிறாள். தவழ்கிற குழந்தையோடு.

குழந்தையை நினைத்ததும் அவளுக்கு வெறி வந்தது. வெயில் இறங்குகிற நேரத்தில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு படியில் நின்றாள். பிஸ்மில்லா சொல்லி, பலம் கொண்ட மட்டும் குத்தினாள். கடப்பாரை சதையில் இறங்கியது. சூடாகக் கறுப்பு ரத்தம் அவள் முகத்தில் பீச்சியது.

உள்ளே ஹயாத் பாஷா வீறிட்டார்.

மறுபடி குத்தினாள். "பதுரு! கொல்றியேடி!" தொடர்ந்து வாந்திச் சத்தம். ஜன்னலில் தெரிந்தது: கட்டில் முழுக்க ரத்தம், அவர் வாயிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு குத்து. அது செத்துவிடும். அவரும்.

கை எழவில்லை. கட்டின புருஷனைக் கொல்ல எந்தக் கைதான் எழும்? கடப்பாரை நழுவி விழுந்தது. பின்கேட் படாரென்று திறந்தது.

"இன்னா பாயம்மா, பாய் ஏன் இப்படிக் கத்திகினு கீறாரு?" மீன் கூடையைப் போட்டுவிட்டுப் பொன்னி ஓடி வந்தாள். நேராக. மேட்டுக்கு நேராக.

பதருன்னிசா வாயைத் திறந்தாள். வராதே. ஒரு சொல்தான். நாக்கு வரைக்கும் வந்தது.

உள்ளே அவர் முனகினார்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மண் வாய் பிளந்தது. பொன்னி இடுப்பு வரை போனாள். "பாயம்மா! கைய குடு! கைய குடு!" வாயில் ரத்தம் நுரைத்தது. நகங்கள் படியைப் பிராண்டின, ஒன்று பிய்ந்து சிமெண்டிலேயே நின்றது. இடுப்பு எலும்பு. விலா. தோள். அந்தக் கண்கள் பதருன்னிசாவை விட்டு நகரவே இல்லை. கடைசியாக ஒரு கை, விரல்கள் விரிந்தபடி. ஒரு மடக்கு.

அமைதி.

பதருன்னிசா தவழ்ந்து உள்ளே போனாள்.

ஹயாத் பாஷா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் களை. கன்னத்தில் சிவப்பு. வெறும் வாயை நிதானமாக மென்றுகொண்டிருந்தார். பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார்.

"இப்பதான் உசுரு வந்த மாதிரி கீது" என்றார். "ஃபைஸா எப்போ வர்றா, பதுரு?"

அவர் வாய்க்குள் விரலை விட்டு எதையோ தேடினார். கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து ஒரு நீளமான பெண் முடியைப் பிடித்து இழுத்தார். ஈரமாக, தேங்காய் எண்ணெய் மினுங்க, அது வந்துகொண்டே இருந்தது.